ஐந்தாம் நம்பர் சிலிண்டருக்குள் பீங்கான்

எங்கள் லாரியின் இன்ஜின் சத்தத்தை செல்லில் பதிவு செய்து ரிங்டோனாக வைத்திருந்தவன் நான். இந்த மானக்கேட்டை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மற்றதெல்லாம் புரியும்.

ஹாஸ்டலில் மற்றவன் செல்லெல்லாம் சினிமாப் பாட்டு பாடும். என் செல் மட்டும் டக்கு டக்கு டக்கு டக்கு என்று அடித்து, நடுவில் ஒரு மூச்சு விட்டு, மறுபடி டக்கு என்று அடிக்கும். "இன்லைன் சிக்ஸ் மச்சி. நேர் வரிசையில ஆறு சிலிண்டர். இப்ப வர்ற வண்டி எதுலயும் இந்த பீட்டு வராது" என்று அளப்பேன். அந்த மூச்சு ஏன் வருகிறது என்று எவனாவது கேட்டால் பழைய காலத்து கேம் ஷாஃப்ட், டிசைனே வேற என்று ஒரு தியரி கைவசம் இருந்தது. மெக்கானிக்கல் படிக்கிற ஒரு கிளாஸே அதைக் கேட்டுத் தலையாட்டியது. ஒருத்தனுக்கும் சந்தேகம் வரவில்லை. நாலு வருஷம் என்னத்தைப் படித்தோமோ.

படிப்பு முடிந்து விருத்தாசலம் வந்து மூன்று மாசம். வேலை கிடைக்கவில்லை. பகலெல்லாம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பழைய லாரி இன்ஜினுக்கு டர்போ மாட்டுவது எப்படி என்று வெள்ளைக்காரன் எழுதியதைப் படிப்பது, சாயங்காலம் அதை அப்பாவிடம் சொல்லி அவரை வெறுப்பேற்றுவது. இதுதான் என் ஆபீஸ்.

அப்பாவுக்கு இருந்தது அந்த ஒரே லாரி. குழியில் வெட்டுகிற வெள்ளை மண்ணை அள்ளிப் பீங்கான் கம்பெனிக்கு அடிப்பார். ஃபியூஸ் கட்டை, கரண்டு கம்பத்து இன்சுலேட்டர், கொலுப் பொம்மை, எல்லாவற்றுக்கும் அதே மண்தான். அம்மா அப்படி ஒரு கம்பெனியில் பிசிறு எடுக்கிற வேலை செய்தார். அச்சிலிருந்து ஈரமாக வருகிற ஃபியூஸ் கட்டையின் ஓரத்தைக் கத்தியாலும் ஸ்பாஞ்சாலும் வழிப்பது. ஆக, எங்கள் வீட்டில் ரெண்டு பேர் மண்ணில் சம்பாதித்தார்கள், ஒருத்தன் சும்மா இருந்தான்.

பிரச்சினை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. மண் குழியிலிருந்து மேலே வருகிற பாதை செங்குத்து ஏற்றம். ஃபுல் லோடோடு பாதி ஏறிய லாரி அப்படியே திணறி நின்று, பின்னால் உருள ஆரம்பித்திருக்கிறது. மேலே உட்கார்ந்திருந்த லோடு ஆட்கள் ரெண்டு பேர் குதித்துவிட்டார்கள். அப்பா எப்படியோ ஓரத்து மண் சுவரில் பின் பக்கத்தைச் சாய்த்து நிறுத்திவிட்டார். யாருக்கும் அடி இல்லை. ஆனால் விஷயம் கம்பெனி மேனேஜர் காதுக்குப் போய்விட்டது.

"வர்ற வியாழக்கெழம நானே குழிக்கு வரேன். ஃபுல் லோடோட என் கண்ணு முன்னாடி ஏறிக் காட்டுங்க. ஏறலன்னா வேற வண்டி பாத்துக்குறேன். ஆளு செத்தா யாருங்க பதில் சொல்றது?" என்று சொல்லிவிட்டார்.

நியாயமான பேச்சு. ஆனால் அந்த ஒரு கம்பெனி லோடை விட்டால் எங்கள் லாரிக்கு வேறு நடை கிடையாது. அப்புறம் அதை எடைக்குத்தான் போட வேண்டும். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

எனக்கோ உள்ளுக்குள் குஷி. இவ்வளவு நாள் படித்ததற்கு ஒரு சான்ஸ்.

"அப்பா, ஹெட்ட எறக்கிடலாம். வால்வு, பிஸ்டன் ரிங்கு எல்லாம் பாத்துட்டு..."

"ஹெட்டத் தொடாத."

"தொறக்காம எப்படிப்பா?"

"நாசில மாத்து. ஃபில்டர மாத்து. மேலாப்புல என்னா வேணா பண்ணு. இஞ்சினத் தொறக்குற வேலையே வாணாம்."

"ஏன்?"

"வாணாம்னா வாணாம்டா!"

அப்பா எந்த மெக்கானிக்கையும் அந்த இன்ஜின் பக்கம் விடமாட்டார். ஆயில் மாற்றுவதுகூட வீட்டுக்குப் பின்னால் வைத்து அவரேதான். பழைய ஆள், பிடிவாதம் என்று நினைத்தேன். ஞாயிறு காலை அவருடைய பெரியப்பா வீட்டுக் காரியத்துக்குச் சேத்தியாத்தோப்பு கிளம்பினார். புதன் காலையில்தான் வருவார். சாவி ஆணியில் தொங்கியது. அம்மாவிடம் ஃபில்டர் மாற்றப் போகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். பஸ் ஸ்டாண்டில் அவரை ஏற்றிவிட்டு நேராக வந்து லாரியை எடுத்துவிட்டேன்.

கருவேப்பிலங்குறிச்சி ரோட்டில் என் ஸ்கூல் நண்பன் ஷெட் வைத்திருந்தான். ஐடிஐ-யில் டீசல் மெக்கானிக் படித்தவன். நான் உள்ளே ஓட்டிக்கொண்டு போனதும் கையைத் துடைத்தபடி காதைச் சாய்த்துக் கேட்டான்.

"மச்சான், வண்டி நொண்டுதுடா."

"அது நொண்டல் இல்லடா. அதான் பீட்டு. கேம் டிசைன்."

"அப்படியா என்ஜினியரு? எங்க ஐடிஐல அதுக்குப் பேரு நொண்டல்தான்."

"ஸ்பேனர எடுடா."

மேல் மூடியைக் கழற்றினோம். வால்வைத் தட்டுகிற கம்பி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ரெண்டு இருக்க வேண்டும். நண்பன் எண்ணினான். மறுபடி எண்ணினான்.

"அஞ்சாம் நம்பருக்குக் கம்பியே இல்ல மச்சான்."

"உள்ள விழுந்திருக்கும்."

"ரெண்டுமா?"

"விழுந்தா ஜோடியாத்தாண்டா விழும்" என்றேன். இதையெல்லாம் ஒரு டிகிரி வாங்கியவன் வாயால் சொன்னேன்.

செயின் போட்டு, சிலிண்டர்களை மேலிருந்து மூடுகிற அந்த ஹெட்டைத் தூக்கினோம். வரிசையாக ஆறு ஓட்டை. ஒன்று, ரெண்டு, மூன்று, நாலு, நாலிலும் கரி பிடித்த பிஸ்டன் தலை. ஆறாவதிலும் இருந்தது. ஐந்தாவதில் எதுவும் இல்லை. கிணறு மாதிரி இருட்டு. செல் டார்ச்சை அடித்துத் தலையை உள்ளே விட்டேன். கறுப்பு ஆயிலுக்கு நடுவே, அடியில், பிஸ்டன்கள் சுழற்றுகிற கிராங்குத் தண்டு மேல், வெள்ளையாக என்னவோ பளபளத்தது. பல் மாதிரி.

நான் சத்தியமாகப் பின்னால் குதித்துவிட்டேன்.

"என்னாடா?"

"உள்ள என்னவோ இருக்குது."

"என்னா இருக்குது?"

"நீயே பாரு."

அவன் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் சிரிப்பும் பயமும் ஒன்றாக இருந்தன. "மச்சான், உன் வண்டி அஞ்சு சிலிண்டர்டா" என்றான்.

கீழே படுத்து, ஆயில் தேங்குகிற அடித் தொட்டியான சம்பைக் கழற்றிப் பார்த்தால் தெளிவாகத் தெரிந்தது. ஐந்தாம் நம்பர் பிஸ்டனும் இல்லை, அதைக் கிராங்கோடு கட்டுகிற ராடும் இல்லை. ராடு உட்கார வேண்டிய இடத்தில் கெட்டியான பீங்கான் வளையம். ரெண்டு அரை வட்டமாகச் செய்து, சேர்த்துப் பிடித்து, ரெண்டு இரும்புக் கிளிப் போட்டு இறுக்கியிருந்தார்கள். கிராங்கில் ஆயில் பீறிடுகிற ஓட்டையை அது அடைத்துக்கொண்டிருந்தது. டீசல் பம்பிலும் ஐந்தாம் நம்பருக்கான உள் சாமானை உருவிவிட்டிருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஆறு பைப்பும் ஜம்மென்று நிற்கும்.

ஆயில் டின் மேல் உட்கார்ந்தேன். ரிங்டோனில் வந்த அந்த மூச்சு கேம் டிசைன் இல்லை. ஒரு சிலிண்டரே இல்லை. அதைத்தான் ஒரு ஹாஸ்டலுக்கே போட்டுக் காட்டிப் பெருமை அடித்திருக்கிறேன்.

"மூடிடலாம் மச்சான்" என்றான் நண்பன். "உங்கப்பா வரட்டும். எதோ காரணமாத்தான் பண்ணி வச்சிருக்காரு."

"காரணமா? அஞ்சுல ஓடுறதாலதாண்டா ஏத்தம் ஏறல! ஆறாவதப் போட்டா பறக்கும்டா. சிம்பிள் கணக்கு."

"வியாழக்கெழம லோடு அடிக்கணும். விளையாடாத."

"அதுக்குத்தாண்டா சொல்றேன்."

கிளிப் போல்ட்டு கழலவில்லை. நான் சுத்தியலை எடுத்தேன். அவன் "டேய் டேய்" என்றான். ஒரே அடி. கோயில் மணி மாதிரி கணீர் என்று ஒரு சத்தம். பீங்கான் நாலைந்து துண்டாகத் தரையில் விழுந்தது. துண்டுகளைப் பொறுக்கி பெஞ்சு மேல் வைத்தோம். உடைந்த இடமெல்லாம் பால் வெள்ளை.

திங்கட்கிழமை உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் அதே மாடல் இன்ஜின் ஒன்று பிரித்துக் கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். ராடு, பிஸ்டன், லைனர் மூன்றும், வால்வுக் கம்பி ஒரு ஜோடியும் கிடைத்தன. லைனர் என்றால் பிஸ்டன் ஏறி இறங்குகிற இரும்புக் குழாய். அதைச் சுற்றி வெளியே தண்ணீர் ஓடும். தண்ணீர் கீழே ஆயிலுக்குள் இறங்காமல் இருக்க, அடியில் ரப்பர் ரிங் இருக்கும். அவ்வளவுதான் விஷயம். எனக்கு எல்லாம் தெரியும். பரீட்சையில் படம் போட்டு பாகம் குறித்தவன் நான்.

பழைய லைனரை மேலே உருவினோம். அடியில் ரப்பர் ரிங்குக்குப் பதில் சாம்பல் நிறத்தில் ஏதோ பசை கல் மாதிரி இறுகிக் கிடந்தது.

"எவன்டா இது, சாணி பூசுற மாதிரி பூசி வச்சிருக்கான்?" என்றேன். உளியை வைத்துச் சுரண்டினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஒரு மணி நேரத்தில் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டேன்.

நண்பன் விரலை உள்ளே விட்டுத் தடவினான். "மச்சான், இந்த எடத்துல கையி வச்சுப் பாரு. பொக்கப் பல்லு மாதிரி ஒரு பக்கம் இல்ல."

"ரப்பர் ரிங்கு ரெண்டு போடுறோம்ல? அது புடிச்சுக்கும்டா."

"புடிக்கும்னு நெனக்குற."

"நீ ஐடிஐ. நான் பி.இ."

அவன் கையைத் துடைத்துவிட்டு ரப்பர் ரிங்கை எடுத்துக் கொடுத்தான். இன்னும் பேசியிருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன்.

செவ்வாய்க்கிழமை டீசல் பம்பில் இல்லாத உள் சாமானைப் பம்ப் கடையில் போட்டு வாங்கி, சாயங்காலம் எல்லாம் மாட்டி முடித்து ஸ்டார்ட் செய்தோம். இதை எப்படிச் சொல்வது? எங்கள் லாரி மாதிரியே இல்லை. மூச்சு விடாத, இடைவெளியே இல்லாத, கொழுகொழு என்று ஒரு ஓட்டம். ஸ்டியரிங் நடுங்கவில்லை. கண்ணாடி அதிரவில்லை. பானெட் மேல் ஒரு ரூபாய்க் காசை நெட்டுக்குத்தாக நிறுத்தப் பார்த்தேன், கிட்டத்தட்ட நின்றது. நானும் அவனும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். நான் அப்பாவுக்கு எப்படிச் சொல்லப்போகிறேன், எந்த வார்த்தையில் ஆரம்பிப்பேன் என்றுகூட யோசித்துவிட்டேன்.

பத்து நிமிஷம் இருக்கும். நண்பன் ரேடியேட்டரை எட்டிப் பார்த்தான். "தண்ணி எறங்கிப் போச்சு" என்றான். இன்ஜினை நிறுத்தி ஆயில் பார்க்கிற கம்பியை உருவினான். கம்பி நுனியில் பால் தூக்கலாகப் போட்ட டீ.

கறுப்பாக வர வேண்டிய ஆயில் அது. தண்ணீர் கலந்துவிட்டது. பொக்கைப் பல் வழியாகத் தண்ணீர் மொத்தமும் கீழே இறங்கிவிட்டது. அந்த சாணிப் பூச்சு எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாளை காலை அப்பா. மறுநாள் மேனேஜர்.

அந்த நேரம் பார்த்து அம்மா ஷிஃப்ட் முடிந்து தூக்கில் சோறு எடுத்துக்கொண்டு வந்தார். அவர் கண் போனது நேரே பெஞ்சு மேல் கிடந்த வெள்ளைத் துண்டுகளுக்குத்தான். தூக்கைக் கீழே வைத்தார்.

"இத யாரு ஒடச்சது?"

"நாந்தாம்மா. அது ஒண்ணுமில்ல, இஞ்சினுக்குள்ள எவனோ லூசு..."

"லூசா?"

"இது என்னான்னே உனக்குத் தெரியாதும்மா."

"எனக்குத் தெரியாதா?" அம்மா ஒரு துண்டை எடுத்துத் திருப்பி, உடைந்த ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். "இதப் பண்ணதே நாந்தாண்டா."

என் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய அதிர்ச்சி இதுவரை வரவில்லை, இனிமேலும் வராது. நண்பன் கையிலிருந்த ஸ்பேனர் விழுந்த சத்தம் கேட்டது. நான் அம்மாவையே பார்த்தேன். ஸ்பாஞ்சு பிடித்துப் பிடித்து வெளுத்துப்போன விரல்கள். இந்த விரலால் கிராங்கில் உட்காருகிற சாமானைச் செய்திருக்கிறார். எனக்கு மூன்று வருஷமாகத் தெரியாது.

"நீ ரெண்டாவது வருசம் படிக்கச்சொல்ல, திட்டக்குடி போற வழியில ராடு ஒடஞ்சி போச்சு" என்றார் அம்மா. "பிஸ்டனு நொறுங்கி, உள்ள ஒரு பக்கம் பேத்துட்டு வந்துருச்சு. அந்த எடத்துல இனிமே சூடு தாங்காது, அந்த ஒண்ண மட்டும் வுட்டுட்டு ஓட்டிக்கறேன்னாரு உங்கப்பா. அந்த ஆயிலு ஓட்டைய அடைக்க எதுனா வேணும்னாரு."

"லேத்துல குடுத்தா இரும்புல கடஞ்சு குடுத்திருப்பாங்களே!"

"லேத்துல குடுத்தா மறுநாளே ஊரு பூரா பேசும். ஆறுல ஒண்ணு இல்லாத வண்டிக்கு எவன் லோடு குடுப்பான்? எங்க கம்பெனியில ஆயிரம் தினுசு சாமான் அச்சுல வருது. இது எதுக்குன்னு எவன் கேப்பான்? உங்கப்பா நூலுல அளவெடுத்துட்டு வந்து கம்பெனி கேட்டாண்ட நின்னாரு. ஒடஞ்ச ராடோட குண்டுப் பக்கத்தையும் கொண்டாந்தாரு. எடம் இருக்குற மட்டும் தடியா பண்ணேன், இல்லாத ராடோட எடைக்குக் கொஞ்சமாச்சும் ஈடு கட்டட்டும்னு. சூளையில சுருங்குறதுக்கு வுட்டு, பெருசாப் பண்ணி சுட்டேன்."

"எவ்ளோ பெருசாம்மா?"

"அதெல்லாம் கைக்குத் தெரியும்." அம்மா லாரிக்குள் எட்டிப் பார்த்தார். "லைனரு அடியில ஒரு பச இருந்துதே, அது?"

"சொரண்டிட்டேன்."

"கொஞ்சமா?"

"சுத்தமா."

அம்மா டயர் மேல் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். "நல்லாப் படிச்ச போ" என்றார். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

புதன் காலை முதல் பஸ்ஸில் அப்பா வந்தார். அம்மா பஸ் ஸ்டாண்டிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். அவர் ஷெட்டுக்குள் வரும்போது நான் அடி வாங்கத் தயாராக நின்றேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை. கம்பியை உருவி டீயைப் பார்த்தார்.

"எவ்ளோ நேரம் ஓட்டுன?"

"பத்து நிமிசம்ப்பா."

"மேல போவலியே?"

"இல்லப்பா."

"பேரிங்கு தப்பிச்சிருக்கும்." சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "இன்னும் ஒரு நாளு இருக்குது. அந்தப் பிஸ்டன வெளிய எடுங்க."

"ஆனா வளையம் ஒடஞ்சி போச்சேப்பா. புதுசா பண்ணி, காய வச்சு, சூளையில வச்சு..."

அம்மா கூடையிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து அவிழ்த்தார். ரெண்டு பீங்கான் அரை வட்டம். அடியில் எண்ணெய்ப் பிசுக்கு. எங்கள் வீட்டு அடுப்படியில் எண்ணெய்த் தூக்குக்கு அடியில் மணையாக இருந்தவை. தினமும் காபி குடிக்கும்போது பார்த்தவைதான். ஏதோ கழித்த சாமான் என்று நினைத்திருந்தேன்.

"சூளைக்கு எதையும் ஒண்டியா அனுப்ப மாட்டோம்" என்றார் அம்மா. "தீயில ஒண்ணு வெடிக்கும், ஒண்ணு கோணும், ஒண்ணு தேறும். அப்ப மூணு ஜோடி போட்டேன். ஒரு ஜோடி வெடிச்சிடுச்சு. ஒரு ஜோடிய நீ ஒடச்சிட்ட. இது தீக்கு ரொம்பக் கிட்டக்க இருந்துது, கொஞ்சம் கூடுதலா சுருங்கிடுச்சுன்னு தள்ளி வச்சது."

போட்டுப் பார்த்தோம். உட்காரவில்லை. மயிரிழை டைட். அந்த மயிரிழையைப் பீங்கானில் எடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இரும்பை அரம் போட்டுத் தேய்த்துவிடலாம். இது அரத்தையே தின்றது. அம்மா கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுச் சாணைக்கல்லும் தண்ணீருமாக உட்கார்ந்தார். விளக்குக் கரியைக் கிராங்கில் பூசி வளையத்தை அழுத்தி எடுத்தால், எங்கே இடிக்கிறதோ அங்கே கரி ஒட்டும். ஒட்டிய இடத்தை மட்டும் தேய்க்க வேண்டும். மறுபடி பூசு, அழுத்து, எடு, தேய். நான் அடியில் படுத்து அழுத்தி எடுத்துக் கொடுப்பேன், அம்மா தேய்ப்பார். கொஞ்ச நேரத்தில் நானும் ஒரு பாதியை வாங்கித் தேய்த்தேன். எனக்கு விரல் நுனித் தோல் உரிந்தது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"வேகமாத் தேய்க்காதடா. இது பரீட்ச பேப்பரு இல்ல, பக்கத்த ரொப்புறதுக்கு."

அந்தப் பக்கம் அப்பாவும் நண்பனும் பழைய லைனரைத் திரும்ப இறக்கினார்கள். அப்பா ரெண்டு கலர் பசையை மாவு மாதிரிப் பிசைந்து பொக்கை இடத்தில் விரலாலேயே வைத்து அமுக்கினார். பம்ப் கடைக்காரர் முந்தின நாள் எங்களுக்காக மாட்டிக் கொடுத்த சாமானை மறுபடி உருவிக் கொடுத்தபோது, "என்னாங்க, புருசன் பொஞ்சாதி சண்டையா? ஒரு நாளு சேத்து வைக்கிறீங்க, மறுநாளு பிரிக்கிறீங்க?" என்று கேட்டாராம். போய் வந்த நண்பன் சொன்னான். அப்பா அதற்கும் சிரிக்கவில்லை.

வளையம் உட்கார்ந்தபோது சாயங்காலம். கிளிப் போட்டு இறுக்கினோம். ஹெட் கீழேதான் இருந்தது என்பதால் மீதி ஐந்து சிலிண்டருக்கும் வால்வைத் தேய்த்து உட்காரவைத்தேன். டீசலைத் தெளிக்கிற ஐந்து நாசிலையும் டெஸ்ட் செய்து சொட்டுகிற ரெண்டை மாற்றினோம். இதையெல்லாம் மூன்று வருஷமாக யாரும் செய்யவில்லை, ஹெட்டை யாரும் தொடக்கூடாதே. வெள்ளிக்கிழமை வண்டி திணறியதே அதனால்தான். அந்த நாலு நாளில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை இந்த வால்வுதான். பசை இறுக ராத்திரி முழுக்க விட்டோம். வியாழன் விடிந்ததும் டீசல் விட்டு அலசி, புது ஆயில் ஊற்றி, ஸ்டார்ட். டக்கு டக்கு டக்கு டக்கு, ஒரு மூச்சு, டக்கு. அரை மணி நேரம் கழித்துக் கம்பியை உருவினோம். ஆயில் ஆயிலாகவே இருந்தது.

குழியில் மேனேஜர் பைக்கை மேலே நிறுத்திவிட்டு, ஏற்றத்தின் உச்சியில் கைகட்டி நின்றார். கீழே லோடு ஏற்றினார்கள். போன வாரம் குதித்த ரெண்டு பேரும், "நாங்க நடந்தே வரோம்ண்ணா. நீங்க போங்க" என்று ஒதுங்கிவிட்டார்கள். யாரும் வண்டியில் ஏறவில்லை. பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டையை எடுத்துக்கொண்டு ஒருத்தன் நடந்து வர வேண்டும். வண்டி உருண்டால் சட்டென்று முட்டுக் கொடுக்க. லோடு ஆட்கள் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்தார்கள். நான் கட்டையை எடுத்தேன். அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "தள்ளி நட. சக்கரத்துக்கு நேரா வராத" என்று மட்டும் சொன்னார்.

வண்டி ஏற ஆரம்பித்தது. முதல் பாதி நன்றாகவே ஏறியது. போன வாரத்து டயர்த் தடம் இருந்த இடத்தில், ஓர மண் சுவர் சரிந்து கிடந்த இடத்தில், வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. இன்ஜின் சத்தம் மெதுவாகி, ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்க ஆரம்பித்தது. ஒன்று. ரெண்டு. மூன்று. நாலு. ஐந்து. அப்புறம் அந்த ஓட்டை. அந்த ஓட்டை வரும்போதெல்லாம் வண்டி செத்துவிட்டது என்றே நினைத்தேன். லாரியின் மொத்த எடையும் என் பக்கம் சாய்வது மாதிரி இருக்கும். கட்டையை நீட்டிக்கொண்டு குனிவேன். உடனே மறுபடி ஒன்று, ரெண்டு. சக்கரம் ஒரு சாண் நகரும். மறுபடி ஓட்டை. மறுபடி குனிவேன். எத்தனை தடவை என்று தெரியாது. சைலன்சர் புகை முகத்தில் அடித்தது. அம்மா தேய்த்த வளையம் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிறது, அது நழுவினால் எல்லாம் முடிந்தது என்ற ஒரு நினைப்பைத் தவிர மண்டைக்குள் வேறு எதுவும் ஓடவில்லை. பி.இ. எங்கே போனதோ.

திடீரென்று முன் சக்கரம் மட்டத்துக்கு வந்து, பின் சக்கரமும் ஏறி, லாரி தானாகவே என்னை விட்டுவிட்டு ஓடியது. நான் கட்டையைப் பிடித்தபடி ஏற்றத்தில் தனியாக நின்றேன்.

மேனேஜர் லாரியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "ஏறிடுச்சு. ஆனா ஏன் இப்டி இருமுது?"

"பழைய வண்டிங்க. சளி" என்றார் அப்பா, சீட்டில் உட்கார்ந்தபடியே.

"சரி, ஓட்டுங்க. லோடு உங்களுக்கே." அவர் பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

நான் ஓடிப்போய் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தேன். கத்த வேண்டும், குதிக்க வேண்டும் என்றுதான் ஓடினேன். அப்பா இறங்கவில்லை. சட்டை முழுக்க நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கிளட்ச் மேல் இருந்த கால் தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த ஒரு கையால் முட்டியை அழுத்திப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். கால் நிற்கவில்லை.

நான் ஹாஸ்டலில் அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்த மூன்று வருஷமும், இந்த மனிதர் தினமும் இந்த ஏற்றத்தில் ஒவ்வொரு ஓட்டைக்கும் இப்படித்தான் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறார்.

"அப்பா, கொஞ்ச நேரம் எறங்கி உக்காருங்களேன்."

"உக்காந்தா கம்பெனியில காத்துக்கிட்டு நிப்பாங்க." அவர் கியரைப் போட்டார். "இத எறக்கிட்டு வந்தா இன்னும் மூணு நட கெடக்குது. கட்டைய எடுத்துட்டு நீயும் ஏறு."

கட்டையோடு ஏறி உட்கார்ந்தேன்.